வடசென்னையில் 'நீ' என்று அழைத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்

விமான நிலையத்தில் மெட்ரோவின் நீல வழித்தடத்தில் ஏறினால் எங்கும் மாறாமல் விம்கோ நகர் வரை போகலாம். 2021இல் அந்தத் தடம் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி நீண்ட பிறகு, வடசென்னைக்குப் போக அதைவிடச் சுலபமான வழி இல்லை. நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். இருபது வருடமாக டொராண்டோவில் இருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த ரயிலில் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவேன். கிண்டியில் ஏறுகிறவர்கள் பேச்சில் பாதி ஆங்கிலம். மண்ணடி தாண்டியதும் 'இன்னாபா', 'எங்க கீற' என்று கேட்க ஆரம்பிக்கும். வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று அப்போதுதான் மனம் நம்பும்.

போன முறை எங்களோடு ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பமும் வந்தது. ரயிலை விட்டு இறங்கியதும் ஆட்டோக்காரர் அந்த அறுபது வயது ஐயாவைப் பார்த்து, "எங்க போவணும் நைனா, சொல்லு" என்றார். ஐயாவின் முகம் வாடிவிட்டது. நீங்கள், நீர், நீ என்று மூன்று படி வைத்துப் பேசிப் பழகியவர் அவர். முன்பின் தெரியாத ஒருவர் 'சொல்லு' என்றது அவருக்குச் சுட்டுவிட்டது. ஆனால் நைனா என்பது தெலுங்கிலிருந்து வந்த சொல். அதற்கு அப்பா என்று பொருள். ஆட்டோக்காரர் அவரை அப்பா என்று கூப்பிட்டிருக்கிறார்! எங்கள் தெருவில் 'நீங்க' என்பது பல சமயம் ஆளைத் தள்ளி நிறுத்துகிற சொல். போலீஸ்காரருக்கும் பேங்க் மேனேஜருக்கும் 'நீங்க, சார்'. வீட்டு மனிதருக்கு 'நீ'.

'துன்னியா?' (சாப்பிட்டாயா) என்று ஓர் ஆயா, அதாவது பாட்டி, கேட்டாலும் அப்படித்தான். வேறு ஊர்களில் 'தின்' என்றால் வசவு. இங்கே அது அக்கறை. 'இல்லை' என்று சொல்லிவிட்டால் தட்டு வராமல் இருக்காது. 'குந்து' என்றால் உட்கார்; யாழ்ப்பாணத்து வீட்டுக் குந்தில் (திண்ணையில்) உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. வழி கேட்டால் 'கோயிலாண்ட', 'ஸ்டேஷனாண்ட' என்பார்கள். அண்டை என்ற பழைய சொல்தான் அது. 'கீது' என்றால் இருக்கிறது. 'இட்டுனு வா' என்றால் அழைத்துக்கொண்டு வா. 'அது மேரி' என்றால் அது மாதிரி. வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகும். இவ்வளவு தெரிந்தால் முதல் நாள் ஓடிவிடும்.

இதைக் கலப்படத் தமிழ் என்று ஒதுக்குகிறவர்கள் அது எப்படிக் கலந்தது என்று ஒருமுறை பார்க்கவேண்டும். 1856இல் ராயபுரத்திலிருந்துதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. ஒரு பக்கம் துறைமுகம் வளர்ந்தது. பெரம்பூரில் பின்னி மில் வந்தது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த மில் தொழிலாளர்களால்தான். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் தெலுங்கு மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள், உருது பேசும் முஸ்லிம்கள், கடலோர மீனவர்கள் எல்லாரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழ்ந்தார்கள்; ஒன்றாகச் சுமை தூக்கினார்கள். நாஸ்தா (காலை உணவு), பேஜார் (தொல்லை), உஷார் (கவனம்), கலீஜ் (அசிங்கம்) எல்லாம் உருது வழி வந்தவை. துட்டு, வடக்கே பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரர்களின் காசுப் பெயர். கஸ்மாலம் என்ற வசவு சமஸ்கிருதம், கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அர்ச்சுனனின் மனத்தளர்ச்சியைக் கண்ணன் அந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார். வேலை செய்கிற இடத்தில், ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவேண்டும் என்பதற்காக வளர்ந்த பேச்சு இது.

ஆனாலும் நகரம் இதற்குக் கீழ் வரிசையில்தான் இடம் கொடுத்திருக்கிறது. 'லோக்கலா பேசாதே' என்று பிள்ளைகளை அதட்டும் வீடுகள் சென்னையில் ஏராளம். என் சித்தி மகன் பொறியியல் படித்தவன். நேர்முகத் தேர்வுக்கு முன் ஒரு மாதம் கண்ணாடி முன் நின்று 'இருக்கு, இருக்கு' என்று சொல்லிப் பழகினான். தப்பித் தவறியும் 'கீது' வந்துவிடக் கூடாதே என்று. விண்ணப்பத்தில் எங்கள் தெருவை எழுதாமல் அண்ணா நகர் மாமா வீட்டு முகவரியை எழுதினான். வேலை கிடைத்தது. வீட்டுக்குள் நுழைந்து அவன் சொன்ன முதல் வார்த்தை, "ஆயா, வேல கெடச்சிச்சி!" அதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். அதே பையன் நண்பர்கள் நடுவே 'நாங்க லோக்கலு' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான். வெளியாள் வாயில் வந்தால் அடியாக விழுகிற சொல், அவன் வாயில் கொடியாகப் பறக்கிறது.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் மார்த்தாஸ் வின்யார்ட் என்று ஒரு சின்னத் தீவு. கோடையில் வெளியூர்க்காரர்கள் வந்து குவியும் இடம். அங்குள்ள மீனவர்கள் தங்கள் பழைய உச்சரிப்பை விடாமல், இன்னும் அழுத்திப் பேசியதை மொழியியலாளர் வில்லியம் லபாவ் 1963இல் எழுதினார். தீவில்தான் வாழ்வது என்று முடிவுசெய்தவர்களிடம் அந்த உச்சரிப்பு கூடுதலாக இருந்ததாம். காசிமேட்டு மீன் ஏலத்தில் ஒரு கால் மணி நேரம் நின்று கேட்டால் அது உங்களுக்கு நன்றாகவே புரியும்.

அதனால் வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் தயவுசெய்து அந்தப் பேச்சை நடித்துக் காட்டாதீர்கள். சினிமா இதை ரவுடிக்கும் சிரிப்புக்கும் நிறையப் பயன்படுத்திவிட்டது. நீங்கள் 'இன்னாபா' என்று ஆரம்பித்தால் கேலியாகத்தான் கேட்கும். பிள்ளைகளிடம் புறப்படும் முன்பே சொல்லி வையுங்கள். உங்கள் தமிழிலேயே பேசுங்கள். ஈழத்துப் பேச்சைக் கேட்டு 'மலையாளமா?' என்று கேட்பார்கள். வருத்தப்படாமல் உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். 'கதைக்கிறோம்' என்றால் கதை விடுவதாக நினைக்கக்கூடும். ஒருமுறை விளக்கினால் போதும். 'எந்த ஏரியா?' என்று கேட்டால், யார் வீட்டுப் பிள்ளை நீ என்று பொருள். டொராண்டோ, லண்டன் என்று தொடங்காமல், யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்களோ அந்தத் தெருவைச் சொல்லுங்கள்.

ஒரு சொல்லை மட்டும் விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள்: கேப்மாரி. ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் முத்திரை குத்தப்பட்ட ஒரு சமூகத்தின் பெயர் அது. எங்கள் தெருவிலும் அதைத் திட்டாகச் சொல்கிறார்கள். அது தவறுதான், நமக்கு அது வேண்டாம்.

காசிமேட்டுக்கு விடியும் முன்பே போங்கள். மீன் விற்கிறவரை 'அக்கா' என்று கூப்பிட்டு, 'கூறு (ஒரு குவியல்) எவ்ளோக்கா?' என்று கேட்டால் பேச்சு தொடங்கிவிடும். 'போணி பண்ணு' என்று அவர் சொன்னால் அன்றைய முதல் வியாபாரம் உங்களுடையது என்று பொருள். அப்போது நீளப் பேரம் பேசிவிட்டு வாங்காமல் நகர்ந்தால் அவர் மனம் கஷ்டப்படும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் குறைவு, விலை கூடுதல். படம் எடுக்குமுன் கேளுங்கள். தெருவில் சாவு வீட்டில் கானா என்ற எங்கள் தெருப்பாட்டைப் பாடிக்கொண்டிருந்தால், கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு நின்று கேளுங்கள்.

கிளம்பும்போது 'வர்ட்டா' என்பார்கள். நீங்கள் 'போயிட்டு வாறன்' என்றே சொல்லுங்கள். அந்த 'வாறன்' எந்த ஊர்க்காரருக்கும் புரியும்.