ஆஃப்-ரோடு வண்டிக்கு சஸ்பென்ஷன் லிஃப்ட்: தேர்வு செய்வது எப்படி?

லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பு) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை அங்குலம் போடலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதிரிப் பாதையில் ஓட்டப் போகிறீர்கள், எந்த அளவு டயர் வேண்டும், வண்டி எப்போதும் சுமந்துகொண்டிருக்கும் எடை எவ்வளவு என்ற மூன்றும் முடிவானால், அங்குலக் கணக்கு தானாகவே பிடிபடும்.

1. லிஃப்ட் எதைத் தரும், எதைத் தராது

சஸ்பென்ஷன் லிஃப்ட் போட்டால் சேஸிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) அதன் மேலுள்ள பாடியும் உயரும். மேட்டில் ஏறும்போது முன்பம்பர் இடிக்காது, இறங்கும்போது பின்பம்பர் உரசாது, முகட்டைத் தாண்டும்போது வண்டியின் வயிறு தட்டாது. இந்த மூன்று கோணங்களும் கூடுவதுதான் உண்மையான லாபம்.

ஆனால் முழு அச்சு (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு) உள்ள வண்டியில், அச்சின் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில்தான் இருக்கும். நான்கு அங்குலம் லிஃப்ட் போட்டாலும் அது மாறாது. அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். அதிலும் பாதிக் கணக்குதான்: 31 அங்குல விட்டமுள்ள டயரைக் கழற்றிவிட்டு 33 போட்டால் அச்சு உயர்வது ஒரே ஒரு அங்குலம். உங்கள் பாதையில் டிஃபரன்ஷியல்தான் பாறையில் தட்டுகிறது என்றால், லிஃப்ட் மட்டும் போட்டுப் பயனில்லை.

பாடி லிஃப்ட் என்பது வேறு. சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டைகளை வைத்துப் பாடியை மட்டும் தூக்குவது அது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். சேஸிஸ் இருந்த உயரத்திலேயே இருக்கும்.

2. இப்போதைய உயரத்தை அளந்துகொள்ளுங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபாருங்கள். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பை வைத்து அளந்து, நான்கு மூலைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் அளவும் காற்றும் கணக்கில் கலந்துவிடும்.

பழைய வண்டிகளில் ஸ்பிரிங் தளர்ந்து உட்கார்ந்திருக்கும். கம்பெனி தந்த உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய ஸ்பிரிங் போட்டாலே போதும் என்ற நிலையில் பல வண்டிகள் இருக்கின்றன.

3. நிரந்தர எடையைக் கூட்டுங்கள்

அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலானவர்கள் வேகமாகக் கடந்துபோவதும் இதைத்தான்.

இரும்பு பம்பர், விஞ்ச் (சிக்கிய வண்டியை வடம் கட்டி இழுக்கும் கருவி), கூரை கேரியர், இரண்டாவது பேட்டரி, பின்னால் அடித்த இழுப்பறைகள் என வண்டியிலிருந்து இறங்காத எடை எல்லாவற்றையும் முன்பக்கம், பின்பக்கம் என்று தனித்தனியே கூட்டுங்கள். விடுமுறையில் ஏறும் ஆட்களையும் பைகளையும் இதில் சேர்க்க வேண்டாம். நல்ல தயாரிப்பாளர்கள் ஒரே உயரத்துக்கு இரண்டு மூன்று விறைப்பில் ஸ்பிரிங் தருவார்கள். எந்த ஸ்பிரிங் எத்தனை கிலோ கூடுதல் எடைக்கு என்றும் குறிப்பிட்டிருப்பார்கள்.

காலி வண்டிக்கு விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டால் சொன்னதைவிட அதிகமாகத் தூக்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் குதிக்கும், கரடுமுரடான இடத்தில் சக்கரம் கீழிறங்கித் தரையைப் பிடிக்காமல் அந்தரத்தில் நிற்கும். எடை ஏற்றிய வண்டிக்கு மென்மையானதைப் போட்டால் போட்ட உயரம் உட்கார்ந்துபோகும். ஆகவே "பின்னால் எப்போதாவது சுமை ஏற்றுவேன், எதற்கும் கனமானதே இருக்கட்டும்" என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். விறைப்பான ஸ்பிரிங் போட்டதால் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை கூடிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

4. வகையைத் தேர்ந்தெடுங்கள்

மலிவானது ஸ்பேசர். இருக்கும் காயில் (சுருள்) ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு வளையம், அவ்வளவுதான். நகரச் சாலையும் அவ்வப்போது மண்பாதையும் என்றால் ஓர் அங்குல அளவில் அது போதும். ஸ்பிரிங்கும், அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரும் பழையவையே என்பதால் ஓட்டத்தில் முன்னேற்றம் இருக்காது.

லீஃப் (பட்டை) ஸ்பிரிங் வண்டிகளில் பின் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே பிளாக் (உலோகக் கட்டை) வைப்பதுண்டு. முன் அச்சுக்கு அதைச் செய்யவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது வரும் முறுக்கில் பிளாக் நகர்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

புதிதாக இறங்குகிறவருக்கு என் பரிந்துரை, 2 அங்குலம், அதாவது 50 மில்லிமீட்டர் உயர்த்தும் முழு ஸ்பிரிங்கும் அதற்குப் பொருத்தமான நீளத்தில் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த கிட். ஷாக்கின் நீளம் முக்கியம். குட்டையாக இருந்தால் சக்கரம் இறங்கும்போது ஷாக்கே அதைப் பிடித்து நிறுத்தும். அளவுக்கு மீறி நீளமாக இருந்தால் பம்ப் ஸ்டாப் (சக்கரம் மேலேறுவதைத் தடுக்கும் ரப்பர் கட்டை) தாங்குவதற்கு முன்பே ஷாக் முழுதாக அழுந்தி உள்ளே சிதையும்.

முன்சக்கரங்கள் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன் என்றால் 2 அல்லது 3 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் டிரைவ் ஷாஃப்ட்டின் சி.வி. ஜாயின்டும் (வளைந்தபடியே சுழலும் இணைப்பு) பால் ஜாயின்டும் (சக்கரத்தைத் திரும்பவிடும் உருண்டை இணைப்பு) அதிகச் சாய்வான கோணத்தில் வேலை செய்து சீக்கிரம் தேயும்.

5. கூடவே மாற வேண்டியவை

காயில் ஸ்பிரிங்கோடு முழு அச்சு உள்ள வண்டியில், அச்சைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துவது பான்ஹார்ட் ராட். அதன் ஒரு முனை சேஸிஸில், மறுமுனை அச்சில். சேஸிஸை உயர்த்தினால் ராடின் சாய்வு கூடி, அச்சு ஒரு பக்கமாக இழுபடும். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்க டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்துவது தெரியும். நீளத்தைத் திருகி மாற்றக்கூடிய ராட் போட்டால் சரியாகிவிடும்.

முன் அச்சின் கேஸ்டர் கோணமும் (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) குறையும். திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராமல் நின்றால், நெடுஞ்சாலையில் வண்டி அலைந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர் இரண்டுக்கும் போதிய நீளம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தச் செலவையும் கிட் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன், எவ்வளவு உயர்த்தலாம் என்ற உங்கள் ஊர்ச் சட்டத்தையும் காப்பீட்டு நிபந்தனையையும் படித்துவிடுங்கள். உயரம் கூடக்கூட வண்டி கவிழும் வாய்ப்பும் கூடும். திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

6. பொருத்தும் நாளில்

ரப்பர் புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறை) உள்ள போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரங்கள் தரையில் ஊன்றி, முழு எடையும் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து விரைவில் கிழியும். மெக்கானிக்கிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சக்கரங்களைத் தொங்கவிட்டு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடவில்லை என்று கண்ணால் பாருங்கள். பிறகு வீல் அலைன்மென்ட், அதன் பிறகு ஹெட்லைட். முன்பக்கம் உயர்ந்ததால் வெளிச்சம் எதிரில் வருபவரின் கண்ணில் அடிக்கும். அதைத் தாழ்த்த வேண்டும். டயரும் மாறியிருந்தால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும்: 31-லிருந்து 33-க்கு மாறிய வண்டியில் முள் 80 என்றால் நிஜ வேகம் சுமார் 85. முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பானர்) வைத்து மறுபடி ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.