காயலான் கடை இரும்பும் கரிமூட்டக் கரியும்: வீட்டிலேயே ஒரு சிறு கொல்லுலை

இரும்படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பட்டடைக்காக, அதாவது இரும்பை வைத்து அடிக்கும் கனத்த இரும்புக் கட்டிக்காக, அலைகிறார்கள். வீடியோக்களில் வருகிற கொம்பு வைத்த பட்டடையும் கேஸ் உலையும் நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. ஆரம்பத்தில் அவை தேவையும் இல்லை. முதலில் ஒழுங்காக அமைய வேண்டியது நெருப்பு. உலை சரியாக இருந்தால் சம்மட்டித் தலையின் மேல் வைத்தே நல்ல கொக்கி அடிக்கலாம். உலை சொதப்பினால் எந்தப் பட்டடையும் உதவாது.

கரியில் நமக்குக் குறைவே இல்லை. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் மூட்டம் போடும் சீமைக்கருவேலங்கரி இந்த வேலைக்கு அருமையானது. இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டால் எங்கே மூட்டையாக வாங்கலாம் என்று சொல்வார். கரியை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்து ஒதுக்குங்கள். பெரிய கட்டியாகப் போட்டால் இடைவெளி விழுந்து காற்று நேராக இரும்பைத் தாக்கும். தூள் சேர்ந்தால் காற்று அடைபடும். மணிக்கு இரண்டு மூன்று கிலோ செலவாகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கொட்டாங்கச்சிக் கரியும் எரியும்.

உலைக்கு 30 செங்கல் போதும். தரையில் ஒரு வரிசை பரப்பி, அதன் மேல் உள்ளளவு 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் வரும்படி மூன்று வரிசைச் சுவர் எழுப்புங்கள். நீளச் சுவர் ஒன்றின் நடுவில், உலைத் தரையிலிருந்து 9 அல்லது 10 செ.மீ. உயரத்தில், காற்றுக்காக ஒரு இஞ்சு எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) குழாய் படுக்கைவாட்டில் நுழைய வேண்டும். குட்டைச் சுவர் இரண்டிலும் மேல் வரிசையில் ஆளுக்கொரு அரைச் செங்கலை எடுத்துவிட்டால் நீளக் கம்பியை நுழைக்க வழி கிடைக்கும். கம்பியும் குழாய் மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே, சூடு உச்சத்தில் இருக்கிற இடத்தில் கிடக்கும். உட்புறம் முழுக்கக் களிமண்ணும் மணலும் சரிபாதியாக, கொஞ்சம் சாம்பலும் சேர்த்துப் பிசைந்து இரண்டு விரல் கனத்துக்குப் பூசி, நான்கைந்து நாள் நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு நெருப்பு வைத்தால் பூச்சு வெடித்து உதிரும். செங்கல்லுக்குப் பதில் கான்கிரீட் துண்டோ ஆற்றுக் கல்லோ வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லாகத் தெறிக்கும்.

குழாய் விஷயத்தில் கைக்குக் கிடைத்த ஜி.ஐ. பைப்பைச் செருகிவிடுவது வழக்கமான தவறு. அதன் மேல்பூச்சு துத்தநாகம். 907 டிகிரி செல்சியஸில் கொதித்து வெள்ளைப் புகையாக வரும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் மாதிரி உடம்பை முறுக்கும். பூச்சில்லாத கறுப்புக் குழாய்தான் வேண்டும். காயலான் கடையில் எடுக்கும் நட்டு, போல்ட்டு, வாளிக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

காற்றுக்கு ஹார்டுவேர் கடையில் விற்கும் கையால் சுற்றும் புளோயர் நல்லது. சுற்றுவதை நிறுத்தினால் கரி வீணாகாது. மின் புளோயரின் காற்று இந்தச் சின்ன உலைக்கு மிக அதிகம். அதன் வாயைக் குழாயிலிருந்து சற்று விலக்கி வைத்து, பாதிக் காற்று வெளியே போகும்படி விடுங்கள். காற்று மிஞ்சினால் கரி பறக்கும், இரும்பின் மேல் கனமாகச் செதில் (காற்றுப் பட்டு உரியும் கறுப்பு மேலோடு) கட்டும். கம்பியைக் குழாய் வாய்க்கு ஒட்டி வைத்தாலும் இதே கதைதான். வாயிலிருந்து 8 செ.மீ. தள்ளி வைத்து, கம்பியின் கீழும் மேலும் கரி நிறைந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் திறந்தவெளியாகவும் நிழலாகவும் இருக்க வேண்டும். வெயிலில் இரும்பின் நிறம் தெரியாமல் எரித்துவிடுவீர்கள். மூடிய அறையில் கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடு ஆளையே சாய்க்கும். கீற்றுக் கொட்டகை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

பட்டடைக்கு 7 கிலோ சம்மட்டித் தலை ஒன்றைப் புளியமரக் கட்டையில் முக்கால்வாசி புதைத்து, தட்டையான முகம் மேலே நிற்க வையுங்கள். காயலான் கடையில் 75 மி.மீ. கனத்துக்கு மேல் இரும்புக் கட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. லாரி ஆக்ஸிலை நெட்டாக நட்டு, வட்டத் தட்டுப் பக்கத்தை மேலே வைக்கிறவர்களும் உண்டு. விரல்களை மடக்கிக் கையைத் தொங்கவிட்டு நின்றால் விரல் மொழி தொடும் உயரத்தில் முகம் இருக்க வேண்டும். கட்டை ஆடினால் அடியின் வலு பாதி வீண். தண்டவாளத் துண்டு வேலைக்கு ஏற்றதுதான். ஆனால் 1966-ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டப்படி அது எப்படி வந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு வைத்திருப்பவருடையது. ரசீது இல்லாத தண்டவாளத்தைத் தொடாதீர்கள்.

சுத்தியல் ஒரு கிலோவுக்கு மிஞ்ச வேண்டாம். புதுச் சுத்தியலின் முகத்து விளிம்பை அரத்தால் மழுக்குங்கள். கூர் விளிம்பு படும் ஒவ்வொரு அடியும் இரும்பில் வெட்டாக விழும். 60 செ.மீ. கம்பியாக எடுத்தால் மறுமுனையைக் கையாலேயே பிடிக்கலாம், குறடு பிறகு வாங்கிக்கொள்ளலாம். கண்ணாடி, தோல் ஷூ, பருத்தி உடை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். செருப்பும் நைலானும் கூடாது. 400 டிகிரி இரும்பும் பார்வைக்குக் கறுப்பாகவே இருக்கும். கீழே கிடப்பதை எடுக்கும் முன் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள்.

முதல் வேலைக்கு 10 மி.மீ. சதுர எம்.எஸ். கம்பி, மீட்டருக்கு சுமார் 785 கிராம். நுனியில் 6 செ.மீ. ஆரஞ்சு தாண்டி மஞ்சளைத் தொடும் வரை காய்ச்சுங்கள். பட்டடையின் எதிர் விளிம்பில் வைத்து, கம்பியையும் சுத்தியலையும் லேசாகச் சாய்த்து அடித்து, இரண்டு அடிக்கொருமுறை கால் சுற்றுத் திருப்புங்கள். நான்கு பக்கமும் சதுரமாகவே குறுக வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்பட்டு உருண்டையாக அடிக்கத் தொடங்குகிறார்கள். தோல் நீண்டு நடு பின்தங்கி, நுனி மீன் வாய் போலப் பிளக்கும். பிளந்ததை மடித்து அடிக்காமல் அந்த அளவை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். சாய்சதுரமாகக் கோணிக்கொண்டால் மஞ்சள் சூட்டில் நீண்ட மூலைகளைத் தட்டி நேராக்கலாம். 6 செ.மீ. இரும்பு, நுனி 4 மி.மீ. ஆகும்போது ஏறக்குறைய 11 செ.மீ. நீளும். அதன் பிறகு மூலைகளைத் தட்டி எட்டுப் பட்டை, கடைசியில் உருண்டை. மங்கிய சிவப்புக்குக் கீழே இறங்கியதும் அடிப்பதை நிறுத்தி உலைக்குத் திரும்புங்கள். வெள்ளைப் பொறி பூப்பூவாகத் தெறித்தால் இரும்பு எரிகிறது என்று பொருள். அந்த நுனி இனி ஆகாது.

நுனியை விளிம்பில் சுருட்டி, பிறகு கொக்கியாக வளைத்து, மறுமுனையில் 12 செ.மீ. விட்டு வெட்டி, தட்டையாக்கி, ஆறியதும் 5 மி.மீ. துளை போட்டால் சுவர்க் கொக்கி தயார். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மிதமான சூட்டில் தேன்மெழுகோ பெயிண்ட் கடை லின்சீட் ஆயிலோ தடவுங்கள். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுக்காகவே நிற்கும்.

கட்டுமானக் கம்பி கொக்கிக்கு ஆகும், கூர் தாங்காது. உளிக்கு லாரி ஸ்பிரிங் பட்டை வேண்டும். துரு குழி விழுந்த துண்டை ஒதுக்குங்கள், உள்ளே விரிசல் ஓடியிருக்கலாம். ஸ்பிரிங் பட்டையை மஞ்சள் வரை ஏற்றாமல் ஆரஞ்சிலேயே அடிக்க வேண்டும். தோய்ச்சலுக்கு, அதாவது சூட்டோடு தோய்த்துக் கடினமாக்க, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒட்டாமல் போகும் சூட்டுக்குச் சற்று மேலே போய், 50 டிகிரிக்குச் சூடாக்கிய சமையல் எண்ணெயில் நட்டுக்குத்தலாக இறக்குங்கள். தண்ணீரில் விட்டால் விண்டுபோகும். பிளாஸ்டிக் வாளியும் பழைய என்ஜின் ஆயிலும் வேண்டாம். எண்ணெய்ப் பாத்திரத்துக்கு இரும்பு மூடி கையருகே இருக்கட்டும். அரம் வெட்டாமல் வழுக்கினால் கடினம் ஏறிவிட்டது. அப்படியே விட்டால் கண்ணாடியாய் நொறுங்கும். உடனே தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பக்கத்திலிருந்து மெல்லச் சூடு காட்டி, கூர்முனையில் ஊதா நிறம் ஓடி வரும்போது நிறுத்துங்கள்.

வேலை முடிந்ததும் எரியும் கரியை இடுக்கியால் எடுத்து, மூடி உள்ள தகர டின்னில் போட்டு மூடுங்கள். காற்றில்லாமல் அணைந்து மறுநாளைக்கு உதவும். உலையில் தண்ணீர் ஊற்றினால் மண் பூச்சு வெடிக்கும். எல்லாம் அணைந்தது போலத் தெரிந்தாலும் சாம்பலைக் குப்பையில் கொட்டுவதை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள்.