நர்சிங் முதல் செமஸ்டர்: கல்லூரி திறக்கும் முன் முடிக்க வேண்டியவை

பி.எஸ்சி. நர்சிங் சீட் கிடைத்ததும் பல வீடுகளில் முதல் வேலையாக ஸ்டெதஸ்கோப் வாங்கக் கிளம்புகிறார்கள். அதற்கு அவசரமே இல்லை, கல்லூரியின் ஸ்கில் லேபில் (செய்முறைப் பயிற்சிக் கூடம்) இருப்பதை வைத்தே பழகலாம். அவசரம் மூன்று விஷயங்களுக்குத்தான்: தடுப்பூசி, சான்றிதழ், உடற்கூறியலின் ஆங்கிலச் சொற்கள். மூன்றும் காசைவிட நாளைத்தான் அதிகம் கேட்கும். வகுப்பு தொடங்கிய பிறகு அந்த நாள் கிடைக்காது.

பாடங்கள்

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் வெளியிட்ட பாடத்திட்டம் செமஸ்டர் முறையிலானது. கடலூரில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்தாலும், புதுச்சேரியில் சென்டாக் (அரசின் மாணவர் சேர்க்கைக் குழு) வழியாகச் சேர்ந்தாலும் முதல் செமஸ்டரில் இவைதான்: கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ், அனாட்டமி (உடற்கூறியல்), பிசியாலஜி (உடலியங்கியல்), சோஷியாலஜி, சைக்காலஜி, நர்சிங் ஃபவுண்டேஷன்-1 (நர்சிங் அடிப்படைகள், முதல் பகுதி). முதலுதவி கடைசிப் பாடத்துக்குள்ளேயே வந்துவிடும்.

அந்த ஃபவுண்டேஷன் பாடத்துக்கு தியரி 120 மணி நேரம், ஸ்கில் லேப் 80, வார்டு 160. உட்கார்ந்து கேட்பதைப்போல இரு மடங்கு நேரம் நின்று வேலை செய்ய வேண்டும். ஆனால் மருந்து கொடுப்பதும் ஊசி போடுவதும் இரண்டாம் செமஸ்டரில்தான். முதலில் வருபவை கை கழுவுதல், படுக்கை விரித்தல், நாடி, மூச்சு, வெப்பநிலை, ரத்த அழுத்தம் பார்த்தல், நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தல், எழுதி வைத்தல். ஊசி பற்றிய பயம், ஆசை இரண்டையும் ஒத்திப் போடுங்கள்.

அனாட்டமிக்கும் பிசியாலஜிக்கும் சேர்த்து ஒரே பல்கலைக்கழகத் தாள். 75 மதிப்பெண்ணில் 37 அனாட்டமிக்கு, 38 பிசியாலஜிக்கு. பெயர்களை மட்டும் உருப்போட்டு, அந்த உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை விட்டால் பாதித் தாள் போய்விடும்.

சீனியரிடம் பழைய கைடு வாங்குமுன் அது செமஸ்டர் பாடத்திட்டத்துக்கானதா என்று பாருங்கள். பழைய ஆண்டுமுறைப் புத்தகத்தில் நியூட்ரிஷனும் பயோகெமிஸ்ட்ரியும் முதலாண்டுக்குள் கலந்து கிடக்கும். இப்போது அவை இரண்டாம் செமஸ்டர்.

தடுப்பூசி

ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம் ஒன்று. சீட் உறுதியான வாரமே தொடங்கினால் வார்டுக்குப் போகுமுன் இரண்டாவது முடிந்திருக்கும். தடுப்பூசி போடாதவருக்கு ஊசிக் குத்து நேர்ந்தால், எய்ட்ஸ் கிருமியைவிட ஹெபடைட்டிஸ் பி கிருமி பல மடங்கு எளிதாகத் தொற்றும். ஊசியை மேற்கையில்தான் போட வேண்டும். இடுப்பில் போட்டால் எதிர்ப்புச் சக்தி சரியாக உருவாகாமல் போகலாம். மூன்றாவது முடிந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் ரத்தப் பரிசோதனை செய்து, எதிர்ப்புப் பொருள் அளவு 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் விட்டுவிடுவது இந்தப் பரிசோதனையைத்தான்.

குழந்தைப் பருவத்தில் போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். அம்மை வராதவர்கள் சின்னம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை பற்றியும், டெட்டனஸ் பூஸ்டர் பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம்.

சான்றிதழ்கள்

அசல் கல்லூரியிடம் போய்விட்டால் திரும்பக் கையில் கிடைப்பது லேசில்லை. பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டிசி, சாதிச் சான்று எல்லாவற்றையும் கொடுக்குமுன் ஸ்கேன் செய்து, ஐந்தாறு செட் நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டதால், அங்கே படித்துத் தமிழ்நாட்டுக் கல்லூரிக்கு வருபவர்கள் மைக்ரேஷன் சான்றிதழையும் (ஒரு போர்டிலிருந்து வேறிடம் மாறுவதற்கானது) தயாராக வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கான மாதம் 1,000 ரூபாய் (பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன்) ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஆதாரில் இனிஷியல் முன்னால், டிசியில் பின்னால் என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள்.

ஆங்கிலச் சொற்கள்

தமிழ் வழியில் படித்தவர்கள் முதல் மாதத்தில் திணறுவது இங்கேதான். அறிவியல் தெரியும், சொல்தான் பிடிபடாது. இலக்கணப் புத்தகத்தைத் தூக்காமல் சொல்லின் துண்டுகளைப் பிடியுங்கள். கார்டியோ என்றால் இதயம், நெஃப்ரோ சிறுநீரகம், ஹெபட்டோ கல்லீரல், காஸ்ட்ரோ இரைப்பை. கடைசியில் ‘ஐட்டிஸ்’ வந்தால் அழற்சி, ‘எக்டமி’ வந்தால் வெட்டி எடுப்பது, ‘ஆஸ்டமி’ என்றால் வழி திறந்து வைப்பது. நாளைக்குப் பத்துத் துண்டு, எழுத்துக்கூட்டி எழுதிப் பார்த்தால் ஒரே மாதத்தில் 300. காதால் மட்டும் கற்றால் எழுத்துப் பிழை மாட்டிவிடும்: சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இலியம், இடுப்பெலும்பும் இலியம். ஆங்கிலத்தில் நடு எழுத்து ஒன்றுதான் வேறு, குடலுக்கு ‘ஈ’, எலும்புக்கு ‘ஐ’.

படம் வரைந்து பழகுங்கள். இதயத்துக்குள் ரத்தம் வலது மேலறையில் நுழைந்து, நுரையீரல் போய்த் திரும்பி, இடது கீழறையிலிருந்து வெளியேறும் பாதையைப் புத்தகத்தை மூடிவிட்டு வரைந்து பெயர் குறிக்க முடிந்தால், அந்தப் பாடத்தில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

வீட்டிலேயே பழகக்கூடியவை

வினாடி முள் உள்ள கடிகாரம் வேண்டும். மணிக்கட்டில் கட்டுவதைவிடச் சட்டையில் குத்தும் வகை நல்லது. முழங்கைக்குக் கீழே நகை, வளையல், கயிறு எதுவும் இல்லாமல் கை கழுவிப் பழக வேண்டும். சோப்பில் 40 முதல் 60 வினாடி, சானிடைசரில் 20 முதல் 30 வினாடி. கட்டைவிரலும் விரல் நுனியும்தான் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள்.

வீட்டில் பெரியவர்களின் நாடியை முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால், துடிப்பு தப்பித் தப்பி வருவது கண்ணில் படாது. கட்டைவிரலை வைக்காதீர்கள், அதன் சொந்தத் துடிப்பே எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். பெரியவர்களுக்கு நாடி 60–100, மூச்சு 12–20 இருக்கும். மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொன்னால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடியே நெஞ்சு ஏறி இறங்குவதை இன்னொரு நிமிடம் எண்ண வேண்டும்.

ரத்த அழுத்தம் லேபில் சொல்லித் தருவார்கள். தவறு எங்கே வரும் என்பதை மட்டும் தெரிந்து போங்கள்: கையளவுக்குச் சிறிய கஃப் (கையில் சுற்றும் காற்றுப் பட்டை) கட்டினால் அளவு கூடிக் காட்டும், பெரியது கட்டினால் குறைத்துக் காட்டும். கை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கினாலும் கூடும். காற்றை வினாடிக்கு 2–3 மி.மீ. வேகத்தில் இறக்க வேண்டும். அவசரத்தில் திருகைத் திறந்துவிட்டால் ஸ்டெதஸ்கோப்பில் கேட்க வேண்டிய முதல் சத்தமே தப்பிவிடும்.

நோயாளி பேசுவது

இதில் தமிழ் தெரிந்தவர்களுக்கே சாதகம். ‘நெஞ்சு கரிக்குது’, ‘நெஞ்சை அடைக்குது’, ‘சுருக்குனு குத்துது’, ‘நீர்க்கடுப்பா இருக்கு’ எல்லாம் வேறு வேறு செய்தி. நீங்களாக ‘கேஸ் டிரபிள்’ என்று மாற்றி எழுதாதீர்கள். மாரடைப்பும் நெஞ்சு கரிப்பாக வரும். அவர் சொன்னதை அப்படியே மேற்கோளுக்குள் எழுதி, நேரம் குறித்து, சிஸ்டரிடம் உடனே சொல்லுங்கள். வயதானவர்களை ‘ஐயா’, ‘அம்மா’ என்று நீங்கள் போட்டுப் பேசுங்கள்.

மழையும் வார்டும்

கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் தினமும் போய் வருபவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழையைக் கணக்கில் வைக்க வேண்டும். தியரிக்கு 80 சதவீத வருகை போதும். வார்டு நாள்களோ பட்டம் வாங்குமுன் நூறு சதவீதம் முடிந்திருக்க வேண்டும், வெள்ளத்தில் போனதையும் பிறகு ஈடு செய்தாக வேண்டும். யூனிஃபார்மைப் பருத்தியில் இரண்டு செட்டாவது தையுங்கள், ஆனால் அளவும் நிறமும் கல்லூரி சொன்ன பிறகு. மூடிய ஷூ இரண்டு ஜோடி வேண்டும், நனைந்தது ஒரே இரவில் காயாது. யூனிஃபார்மோடு பஸ் ஏறாமல் அங்கே போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வார்டு நாளில் காலை உணவைத் தவிர்க்காதீர்கள். வெறும் வயிற்றில், முட்டியை விறைத்து நீண்ட நேரம் நின்றால் கண் இருட்டும். இருட்டத் தொடங்கியதும் வெட்கப்படாமல் தரையிலேயே உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். நடந்து வெளியே போக முயல்பவர்கள்தான் விழுந்து தலையில் அடிபடுகிறார்கள்.