பனியன் கம்பெனி வெப்சைட்ல என்ன எழுதலாம்?
முதல் பக்கத்துலயே 'தரமே தாரக மந்திரம்'னு போடாதீங்க, திருப்பூர்ல பாதிப்பேர் அதத்தான் போட்டு வச்சிருக்காங்க. பையர் தேடுறது துணி எத்தன ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்), மினிமம் ஆர்டர் எவ்ளோ, சாம்பிள் எப்ப வரும், கோட்ஸ் (GOTS, ஆர்கானிக் துணிக்குத் தர்ற சர்வதேச தரச்சான்று) சர்டிஃபிகேட் இருக்கா, இவ்ளோதான். '180 ஜிஎஸ்எம், பயோவாஷ் பண்ண காட்டன், கலருக்கு 300 பீஸ்'னு பளிச்சுனு எழுதுங்க, போன் தானா வரும். போட்டோ உங்க யூனிட்ல எடுத்ததா இருக்கட்டும், நெட்ல சுட்ட மாடல் படம் வேணவே வேணாம், அதுலயும் மொபைல்ல எடுத்த 5 எம்பி படத்த அப்படியே ஏத்தாம 200 கேபிக்குள்ள கொறைச்சிடுங்க, இல்லன்னா பக்கம் தொறக்கறதுக்குள்ள வந்தவரு கெளம்பிடுவாரு.

கோட்ஸ் சர்டிஃபிகேட் வருஷா வருஷம் புதுப்பிக்கணும்ல, அன்னைக்கே சைட்லயும் மாத்திடுங்க. மாசம் ஒருக்கா என்கொயரி ஃபார்ம நீங்களே நிரப்பி மெயில் வருதான்னு பாருங்க. அப்புறம் டொமைன், அதாவது உங்க வெப்சைட்டோட முகவரி, அது சைட் பண்ணிக்குடுத்த டிசைனர் பேர்ல இல்லாம உங்க பேர்ல இருக்கணும்ங்க.