அம்பாசடர் எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் துரு நீக்குவது: வீட்டுச் சாமான்களை வைத்தே

பழைய அம்பாசடரின் பானெட்டைத் திறந்தால் துருவேறிய எக்சாஸ்ட் மேனிஃபோல்டுதான் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துப் புகைக்குழாய்க்கு அனுப்பும் பாகம்) முதலில் கண்ணில் படும். பயப்பட ஒன்றுமில்லை. ஓடும்போது பல நூறு டிகிரி சூடேறி, நின்றதும் ஈரக்காற்றில் ஆறுகிற வார்ப்பிரும்பு அது. மேலே மாவு மாதிரி மெல்லிசாக ஒட்டியிருக்கும் பழுப்புத் துருவால் கெடுதல் இல்லை. ஏடு ஏடாகப் பெயர்கிற கனத்த துரு, சிலிண்டர் ஹெட்டோடு சேரும் தட்டையான ஃபிளாஞ்ச் முகம், ஸ்டட் (ஹெட்டில் நிற்கும், நட்டு ஏறும் கம்பி) மரை, இந்த மூன்றுதான் கவலை. அதனால் பளபளப்பை எதிர்பார்த்து இதில் இறங்க வேண்டாம். விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கேஸ்கட் (இணைப்பில் கசிவை அடைக்கும் தகடு) உட்காரும் முகம் தேயாமல் வெளியே வர வேண்டும். அதற்கு வேண்டியது பொறுமை, காரமான ஆசிட் இல்லை.

இங்கே சொல்வது 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு. இதில் இன்டேக் (பெட்ரோலும் காற்றும் உள்ளே போகும் வழி), எக்சாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம். எக்சாஸ்டுக்கு மூன்று துளை: ஓரங்களில் ஒன்று ஒன்று, நடுவில் 2, 3 சிலிண்டருக்குப் பொதுவாக ஒன்று. இன்டேக்குக்கும் எக்சாஸ்டுக்கும் ஒரே கேஸ்கட். சில நட்டுகளுக்கு அடியில் இருக்கும் தடித்த வாஷர் இரண்டு மேனிஃபோல்டின் காதையும் (நட்டு பிடிக்க நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) சேர்த்து அழுத்தும். இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கழற்றும் முன்

துருவை விட அதிகம் வேலை கெடுப்பது ஒடிந்த ஸ்டட்தான். முந்தின நாள் ராத்திரியே, இன்ஜின் முழுக்க ஆறிய நிலையில், ஒவ்வொரு நட்டிலும் ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் சரிபாதி கலந்தால் நன்றாக இறங்கும். இரண்டும் பிரிந்து நிற்கும் என்பதால் விடும்போதெல்லாம் குலுக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெயோடு கொஞ்சம் இன்ஜின் ஆயில். காலையில் இன்னொரு தடவை. சூடான மேனிஃபோல்டில் இவற்றை விடவே கூடாது, பற்றிக்கொள்ளும்.

ஸ்பேனரைப் போட்டதும் கழற்றும் பக்கம் இழுக்காதீர்கள். முதலில் மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் அசைத்து, பிடிப்பு விட்டது கையில் தெரிந்த பிறகு கழற்றுங்கள். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று ஆட்டி ஆட்டி எடுத்தால் மரையில் அடைந்த துரு தூளாகி வரும். ஒரே இழுப்பில் எடுத்தால் அதே தூள் நெரிந்து ஸ்டட்டைக் கவ்விக்கொள்ளும். அசையாத நட்டுக்கு ஒரு வழி: கார்புரேட்டர், பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு, நட்டை மட்டும் சூடேற்றி மெழுகுவர்த்தியை மரையின் வாயில் தொடுங்கள். உருகிய மெழுகு உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தச் சூட்டோடு ஸ்பேனர் போட்டால் பெரும்பாலும் அசைந்துவிடும்.

பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். காய்ந்த நிலையில் சுரண்டுவது, கம்பி பிரஷ் போடுவது, காற்றடிப்பது மூன்றும் கூடாது. சோப்புத் தண்ணீரை நன்றாகத் தெளித்து ஊறவைத்து, ஈரமாகவே மழுங்கிய தகட்டால் எடுத்து, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

எண்ணெய் முதலில் போக வேண்டும்

எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் ஆசிட் இறங்காது. அங்கங்கே திட்டுத் திட்டாகத் துரு நிற்பதற்கு முக்கால்வாசி காரணம் இதுதான். லிட்டருக்கு 50 கிராம் சலவைச் சோடா கலந்த கொதிநீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கையுறை வேண்டும். அலுமினிய பாகங்களைச் சோடா அரிக்கும், அதனால் இன்டேக்கை இதில் போட வேண்டாம். ஏடாகத் தூக்கி நிற்கும் துருவைச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் உதிருங்கள். கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். இப்படித் தட்டி உதிர்க்கும் ஒவ்வொரு கைப்பிடியும் ஆசிட்டில் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

எதில் ஊறவைப்பது

சிட்ரிக் ஆசிட்தான் எங்கள் முதல் தேர்வு. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று சின்ன பாக்கெட்டில் கிடைக்கும். கெமிக்கல் கடையில் கிலோ கணக்கில் வாங்கினால் மலிவு. லிட்டருக்கு 50 கிராம், அதாவது 15 லிட்டர் தண்ணீருக்கு 750 கிராம். வெதுவெதுப்பான தண்ணீராக இருந்தால் சீக்கிரம் வேலை செய்யும். கூடவே ஒரு மேசைக்கரண்டி பாத்திர சோப்புத் திரவம். பிளாஸ்டிக் டப் மட்டும்தான். துத்தநாகம் பூசிய வாளியில் ஊற்றினால் ஆசிட் வாளியைத்தான் முதலில் தின்னும்.

மேனிஃபோல்டு முழுக்க மூழ்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போலப் பள்ளம் அரித்துவிடும், அது பிறகு போகாது. பித்தளை நட்டு எதையும் கூடவே போடாதீர்கள். பித்தளையிலிருந்து கரைந்த செம்பு இரும்பின் மேல் இளஞ்சிவப்பாகப் படியும்.

4 மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, ஓடும் தண்ணீரில் பிரஷ் போட்டுப் பாருங்கள். கனத்த துருவுக்கு 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதற்கு மேல் வைக்க வேண்டாம். துரு தீர்ந்த பிறகும் ஊறினால் ஆசிட் நல்ல இரும்பைக் கரைக்க ஆரம்பிக்கும். வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில் செதிலாக இருக்கிறது. இரும்பு கரையக் கரைய அது மேலே மிஞ்சும். விரலால் தடவினால் அடுப்புக்கரி மாதிரி கறுப்பாக ஒட்டும். கொஞ்சம் ஒட்டினால் சரி, நாரால் தேய்த்தால் போய்விடும். தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருந்தால் அதிக நேரம் ஊறிவிட்டது என்று அர்த்தம். உடனே எடுத்துவிடுங்கள்.

வெள்ளை வினிகரும் ஆகும். அதை நீர்க்கக் கூடாது, கடையில் வாங்கியபடியே ஊற்ற வேண்டும், நேரமும் ஒன்றரை மடங்கு பிடிக்கும். டப் நிறைய வினிகர் வாங்குகிற செலவுக்கு அது தகாது. சின்ன பாகங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரமில்லாதவர்களுக்குச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு நல்ல வழி. மாட்டுத் தீவனக் கடையில் கேளுங்கள். ஒரு பங்கு பாகுக்கு 9 பங்கு தண்ணீர். இரண்டு, மூன்று வாரம் மூடி வையுங்கள். நுரைத்துப் புளித்து நாறும், ஆனால் துருவை மட்டும் பிடித்து இழுக்கும், நல்ல இரும்பைப் பெரிதாகத் தொடாது. அலுமினியத்தை இதில் போடாதீர்கள், அரித்துவிடும்.

வண்டியை விட்டுக் கழற்றாமலே மேல் துருவை எடுக்க வேண்டுமானால் புளி. ஆசிட் கரைசல் செங்குத்தான பக்கத்தில் வழிந்துவிடும். கெட்டியாகக் கரைத்த புளி அப்பியபடி நிற்கும். தடிமனாகப் பூசி, ஈரத்துணி சுற்றி, அதன் மேல் பாலித்தீன் சுற்றி ராத்திரி முழுக்க விடலாம். பித்தளைக் குத்துவிளக்கு தேய்க்கிற பழக்கத்தில் உப்பைச் சேர்த்துவிடாதீர்கள். உப்பு வார்ப்பிரும்பின் நுண்துளைக்குள் புகுந்து, பிறகு எத்தனை கழுவினாலும் துருவைத் திரும்பக் கொண்டுவரும். நம் வீடுகளில் வருஷப் புளியில் உப்புப் போட்டுத்தான் அடைத்து வைக்கிறோம். அந்தப் புளி இதற்கு வேண்டாம், உப்புச் சேராத புளியாகக் கேட்டு வாங்குங்கள்.

இதே காரணத்துக்காகத்தான் கழிப்பறை ஆசிட்டை வேண்டவே வேண்டாம் என்கிறோம். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அரை மணி நேரத்தில் வெள்ளையாக்கிக் காட்டும், இரண்டு நாளில் முன்னைவிட மோசமாகத் துரு பூக்கும். அதன் ஆவி பட்டே பக்கத்தில் இருக்கும் ஸ்பேனர், அரம் எல்லாம் துருவேறும். பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. கோலாவில் ஊறவைப்பது இதற்கு நேர் எதிர்: கெடுதல் இல்லை, ஆனால் மேனிஃபோல்டு துருவுக்கு அதில் இருக்கும் ஆசிட் பத்தாது.

பேட்டரி சார்ஜர் இருந்தால்

லிட்டருக்கு 4 கிராம் அளவில் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் மேனிஃபோல்டைத் தொங்கவிட்டு, சார்ஜரின் நெகட்டிவ்வை அதில் மாட்டுங்கள். பாசிட்டிவ்வைப் பழைய இரும்புத் தகட்டில் மாட்டி எதிரே தொங்கவிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. 12 வோல்ட், 2 முதல் 5 ஆம்பியர், ஒரு ராத்திரி. மாற்றி மாட்டினால் தகட்டுக்குப் பதிலாக மேனிஃபோல்டு கரையும். துருப்பிடிக்காத ஸ்டீல் தகடு வேண்டவே வேண்டாம், நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். உப்பும் வேண்டாம், குளோரின் வரும். ஹைட்ரஜன் குமிழி வந்துகொண்டே இருக்கும் என்பதால் திறந்த வெளியில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல் செய்யுங்கள். கிளிப்பைத் தொடும் முன் சார்ஜரை அணையுங்கள். தகடு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் சுத்தமாகும், நடுவில் மேனிஃபோல்டைத் திருப்பி வைக்க வேண்டும்.

எடுத்த அடுத்த 10 நிமிடம்

நல்ல வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். ஆசிட்டிலிருந்து வந்த இரும்பு கண்ணெதிரே மஞ்சளாகும், கடலோர ஊர்களில் இன்னும் வேகமாக. எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டு எடுங்கள். தண்ணீரில் அலசி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் 5 நிமிடம் முக்குங்கள். பிறகு மேலே கொதிநீரை ஊற்றுங்கள். இரும்பு அந்தச் சூட்டை வாங்கித் தானே காய்ந்துவிடும். துணியால் ஒற்றி, துளைகளுக்குள் ஹேர் டிரையர் காட்டினால் முடிந்தது. மீந்த கரைசலில் சோடாவைப் போட்டு நுரை அடங்கிய பிறகே கொட்டுங்கள், கிணற்றடியில் வேண்டாம்.

விரிசலும் முகமும்

கம்பியில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினால் முழு இரும்பு கணீரென்று ஒலிக்கும். சொத்தென்று கேட்டால் சந்தேகப்படுங்கள். வெளிப்பக்கம் சாக்பீஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்து மெல்லப் பூசிக் காயவிடுங்கள். உள்ளே மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் வைத்தால் விரிசல் இருக்கும் இடத்தில் வெள்ளையின் மேல் கறுத்த கோடு எழும்.

ஃபிளாஞ்ச் முகத்தின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 0.2 மில்லிமீட்டர் தாண்டிப் போனால் பட்டறையில் முகம் பிடிக்க (மட்டமாகச் சீவ) வேண்டும். கண்ணாடிப் பலகையில் எமரித் தாள் ஒட்டிக் கையால் தேய்ப்பதெல்லாம் அதற்குக் கீழே இருந்தால்தான். முன்னே சொன்ன பொது வாஷர் இங்கே வருகிறது. எக்சாஸ்ட் காதை மட்டும் தேய்த்து மெலியவிட்டால் வாஷர் இன்டேக் காதில் உட்கார்ந்துகொள்ளும், எக்சாஸ்ட் பக்கம் அழுத்தம் விழாமல் ஊதும். பட்டறைக்குக் கொடுக்கும்போது இரண்டு மேனிஃபோல்டையும் சேர்த்தே கொடுங்கள்.

பூச்சும் பூட்டும்

தோசைக்கல்லைப் பழக்குவது போல எண்ணெய் தடவிச் சுட்டால் போதும் என்று பலர் செய்கிறார்கள். தோசைக்கல் காணாத சூட்டை மேனிஃபோல்டு காணும், அந்தப் படலம் சில நாளில் எரிந்து புகைந்து போய்விடும். 600 டிகிரி தாங்கும் அலுமினியம் பெயிண்ட் வாங்குங்கள். தின்னர் துணியால் துடைத்து, மெல்லிசாக இரண்டு பூச்சு. கேஸ்கட் முகத்தில் பெயிண்ட் படக் கூடாது. தடித்துப் பூசினால் முதல் சூட்டிலேயே கொப்பளிக்கும்.

புது கேஸ்கட், ஸ்டட் மரையில் கிராஃபைட் கிரீஸ், புது பித்தளை நட்டு. நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் மாறி மாறி, மூன்று சுற்றாக, சுமார் 15 பவுண்டு-அடி வரை இறுக்குங்கள். முதல் நாள் 10 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு ஆறவிடுங்கள், பிறகு 20 நிமிடம் ஓடவிட்டு ஆறவிடுங்கள். பெயிண்ட் புகையும், பானெட்டைத் திறந்தே வையுங்கள். முழுக்க ஆறிய பின் நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள், ஒன்றிரண்டு கால் சுற்று வாங்கும்.

கசிவு பார்க்க ஊதுவத்திப் புகை காட்டும் பழக்கம் உண்டு. மேலேயே கார்புரேட்டர் இருப்பதால் இந்த இன்ஜினில் அது ஆபத்து. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்துக்குள் இணைப்பில் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். எக்சாஸ்ட் ஊதினால் அங்கே நுரை கிளம்பும். இன்டேக் பக்கம் தண்ணீர் தெளித்ததும் ஐடில் மாறினால் அந்தக் காதில் காற்று இழுக்கிறது, வாஷர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று கழற்றிப் பாருங்கள்.