சேலம் பழைய நகரில் குளிர்காலத்தில் குடும்பத்தோடு தங்க: முதன்முறை வருபவர்களுக்கு

மார்கழி, தை மாதங்களில் சேர்வராயன் மலைக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஏற்காட்டிலேயே அறை தேடுகின்றன. கைக்குழந்தையோ வயதானவர்களோ உடன் இருந்தால், சேலம் பழைய நகரின் நடுவில் தங்கிக்கொண்டு, மலைக்கு ஒரு பகல் மட்டும் போய்வருவதே நல்லது என்பேன். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் இரவுக் குளிர் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. கீழே விடியற்காலையில் ஒரு போர்வை போதும்.

படி 1: இடத்தை உறுதி செய்யுங்கள்

'பேருந்து நிலையம் அருகில்' என்று போட்டிருந்தால், எந்தப் பேருந்து நிலையம் என்று கேளுங்கள். புதிய பேருந்து நிலையம் மெய்யனூரிலும், ரயில்வே ஜங்ஷன் சூரமங்கலத்திலும் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதி. கோட்டை மாரியம்மன் கோவில், சுகவனேசுவரர் கோவில், அழகிரிநாதர் கோவில், சின்னக்கடை வீதி ஆகியவற்றுக்கு அங்கிருந்து நடந்தே போகலாம்.

படி 2: தொலைபேசியில் பேசுங்கள்

இணையத்தில் படங்களைப் பார்த்ததோடு நிற்காமல் வரவேற்பறைக்குப் பேசுவது அவசியம். முதலில், செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணியா என்று கேளுங்கள். மாலையில் வந்து சேரும் குடும்பத்துக்கு முதல் முறையில் மறுநாள் மாலை வரை அறை கிடைக்கும், இரண்டாவதில் பாதி நாள் போய்விடும். அடுத்து வெந்நீர். கீசர் என்றால் கவலையில்லை. சோலார் என்றால் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மார்கழியில் விடிவதற்கு முன்பே கோவில் ஒலிபெருக்கிகளில் பாட்டு தொடங்கிவிடும் என்பதால், குழந்தை தூங்கவேண்டுமானால் தெருப்பக்கம் இல்லாத உள்ளறையைக் கேட்டு வாங்குங்கள். (எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தெருப்பக்க அறைதான் வேண்டும் என்பார்கள்.) லிஃப்ட், எக்ஸ்ட்ரா பெட், கார் நிறுத்த இடம் ஆகியவற்றையும் விசாரியுங்கள். வைகுண்ட ஏகாதசியன்று அழகிரிநாதர் கோவிலில் பெருங்கூட்டம் இருக்கும். அந்த நாளையொட்டி வருவதானால் முன்கூட்டியே அட்வான்ஸ் கொடுத்துவிடுவது நல்லது.

படி 3: பெட்டியைப் பிரிக்கும் முன் பாருங்கள்

வயதுவந்தவர்கள் எல்லோருடைய ஆதார் அட்டையையும் கையில் வைத்திருங்கள். அறைக்குள் நுழைந்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிடுங்கள். மொட்டை மாடியிலிருந்து வரும் நீளமான சோலார் குழாயில் தேங்கிய நீர் முதலில் பச்சைத்தண்ணீராகத்தான் கொட்டும்; அதை வாளியில் பிடித்துவைத்துப் பிறகு கலந்துகொள்ளலாம். அதன் பின்னும் சூடு வராவிட்டால் உடனே வேறு அறை கேளுங்கள்.

படி 4: மாலையில் நடந்து வாருங்கள்

நண்பகலில் சாத்தப்படும் கோவில் நடை மாலையில்தான் மீண்டும் திறக்கும். தரிசனம் முடித்துத் திரும்பும்போது தட்டுவடை செட் சாப்பிடாமல் வராதீர்கள்: இரண்டு சிறிய தட்டுவடைகளில் சட்னி தடவி, நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்துத் தருவார்கள். குழந்தைகளுக்குக் காரச் சட்னி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 5: ஏற்காட்டுக்குப் போய்வாருங்கள்

ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான் என்றாலும், சேலம் வழிப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். காலையிலேயே கிளம்பி, ஏரியையும் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையையும் பார்த்துவிட்டு, பனிமூட்டம் இறங்குவதற்குள் அடிவாரம் வந்துவிடுங்கள். ஸ்வெட்டரும் குல்லாவும் மேலேதான் தேவைப்படும்; அவற்றைத் தனிப் பையில் வைத்தால், பெரிய பெட்டிகள் அறையிலேயே இருக்கலாம்.

கொலுசு வாங்கும் எண்ணம் இருந்தால், ஊர் திரும்பும் நாளன்று காலையில் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் வாருங்கள். அறையைக் காலி செய்தபின் பெட்டிகளை வரவேற்பறையில் வைத்திருக்க அனுமதிப்பார்களா என்று முந்தைய இரவே கேட்டுவிடுங்கள்.