‘அந்தக் காலத்துலயும் வெயில் அடிச்சுது’ என்கிறவரிடம் எப்படிப் பேசுவது

வைகாசி முகூர்த்தம், மண்டபத்து ஏசி பாதியில் படுத்துவிட்டது, பந்தி முடிந்து வெற்றிலை போட உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகும்? வெயிலுக்குத்தான். ‘முன்னெல்லாம் இப்படி இல்லப்பா’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நீங்கள் சும்மா இருக்காமல் ‘இது புவி வெப்பமடைதல் மாமா, நாம எரிக்கிற நிலக்கரியும் பெட்ரோலும்தான் காரணம்’ என்று எடுத்துவிடுவீர்கள். உடனே மூலையிலிருந்து ஒரு குரல் வரும்: ‘அதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை. அந்தக் காலத்துலயும் வெயில் அடிச்சுது.’

எங்கள் குடும்பத்தில் அந்தக் குரல் சித்தப்பாவுடையது. முப்பது வருஷம் வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர், விவரமானவர், எந்தக் கல்யாணத்திலும் மொய் நோட்டு அவர் கையில்தான் இருக்கும். நான்கு கல்யாணம், இரண்டு காதுகுத்து, ஒரு அறுபதாம் கல்யாணம் என்று அவரோடு இதே சண்டை போட்டுத் தோற்ற பிறகு சில விஷயங்கள் பிடிபட்டன.

முதலில், எந்தக் கேள்விக்குச் சண்டை போடுகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். நான் வருஷக்கணக்காக விட்டது இதைத்தான். ‘பொய்’ என்று ஒருவர் சொன்னால் அதற்குள் நான்கு கேள்விகள் ஒன்றாகக் கிடக்கின்றன. பூமி சூடாகிறதா? ஆம் என்றால் அதற்கு மனிதன் காரணமா? ஆம் என்றால் எவ்வளவு மோசம்? அதுவும் சரி என்றால், செலவை யார் ஏற்பது? நம் ஊரில் பாதிப் பேருக்கு உண்மையான கோபம் நான்காவது கேள்வியில் இருக்கிறது, ஆனால் வாயிலிருந்து வருவது முதல் கேள்வியின் பதில். ‘நூறு வருஷம் அவன் புகை விட்டு மாடி மாடியா கட்டிக்கிட்டான், இப்ப நம்மள அடுப்ப அணைக்கச் சொல்றான்’ என்பதுதான் சித்தப்பாவின் உள்ளே இருந்தது. அது நியாயமான கோபம். நிலக்கரியும் பெட்ரோலும் எரிவதால் வந்து இதுவரை காற்றில் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்கா ஒன்றே விட்டது, இன்றும் அங்கே ஒரு ஆள் வருஷத்துக்குச் சுமார் 14 டன் விடுகிறார் என்றால் இந்தியாவில் ஒரு ஆள் கணக்கு 2 டன் சுமாருக்குத்தான் வரும். இதை முதலிலேயே, மனதாரச் சொல்லிவிடுங்கள். சொன்னவுடன் அவர் தோள் கொஞ்சம் இறங்கும், பாருங்கள். அப்புறம், ‘கடன் யார் கட்டணும்னு அப்புறம் பேசுவோம் சித்தப்பா, கடன் இருக்கா இல்லையான்னு மட்டும் முதல்ல பாத்துடலாமா?’ என்று கேளுங்கள். வங்கிக்காரருக்கு இது புரியும். மற்றவர்களுக்கும் புரியும்.

அடுத்தது, கையில் இருக்கும் மொக்கை ஆயுதங்களைக் கீழே போடுங்கள். ‘நூற்றுக்குத் தொண்ணூற்றேழு விஞ்ஞானிகள் ஒத்துக்கொண்டார்கள்’ என்பது உண்மையாகவே இருந்தாலும் சாப்பாட்டுப் பந்தியில் எடுபடாது. ‘விஞ்ஞானம் என்ன எலெக்‌ஷனா?’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், அதுவும் ஒருவகையில் சரியான கேள்விதான். அதேபோல இன்றைய வெயிலைக் காட்டி ‘பாத்தீங்களா’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். 2015 பிப்ரவரியில் ஜேம்ஸ் இன்ஹோஃப் என்ற அமெரிக்க செனட்டர் வெளியே கிடந்த பனியை உருண்டை பிடித்து அவைக்குள் கொண்டுவந்து, இவ்வளவு குளிரில் பூமி சூடாகிறதாம் என்று நக்கலடித்தார். உலகமே சிரித்தது. ஒரு நாள் வெயிலைக் காட்டி நாம் வாதாடினால் அதே பனி உருண்டையைத்தான் நாமும் கையில் வைத்திருக்கிறோம்.

நான் சரியாக அடிவாங்கிய இடம் சென்னை வெள்ளம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியதே, அது புவி வெப்பமடைதல்தான் என்று அடித்துச் சொன்னேன். சித்தப்பா மகன், என்னைவிடப் பத்து வயது சின்னவன், போனில் தேடி எடுத்து நீட்டினான்: அந்த மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகள் அதில் புவி வெப்பமடைதலின் தடம் தெரியவில்லை என்றுதான் எழுதியிருந்தார்கள், காற்றிலுள்ள தூசியும் புகையும் வெப்பத்தின் விளைவை அதுவரை அமுக்கி வைத்திருக்கலாம் என்ற விளக்கத்தோடு. சூடான காற்று கூடுதல் ஈரம் பிடிக்கும், ஒரு டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம், அது பௌதிகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளின் மழைக்கு அதையே காரணம் சொல்ல அந்த நாளை ஆராய்ந்திருக்க வேண்டும். அந்த வெள்ளத்தில் ஏரியையும் சதுப்பு நிலத்தையும் தூர்த்துக் கட்டிய நம் கைங்கரியமும் இருக்கிறது. தெரிந்ததற்கு மேல் ஒரு இன்ச் பேசினால், தெரிந்ததும் சேர்ந்து போய்விடும்.

சரி, எதைப் பேசுவது? கணக்கை. என் அனுபவத்தில் வேலை செய்த ஒரே வழி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சித்தப்பாவின் பலமான வாதம் இது: ‘கடலும் காடும் மண்ணும் விடுற கரியமில வாயு, மனுஷன் விடுறத விடப் பல மடங்கு. அப்ப நம்மளால எப்படி ஏறும்?’ முதல் பாதி உண்மை, மறுக்காதீர்கள். நான் மொய் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று என்று கோடு போட்டு அவர் கையிலேயே பேனாவைக் கொடுத்தேன். மனிதர்கள் எண்ணெய், நிலக்கரி, எரிவாயு எரிப்பதிலும் காடு அழிப்பதிலும் வருஷத்துக்குக் காற்றில் போடுவது சுமார் 4,000 கோடி டன். வரவில் எழுதுங்கள். காற்றில் உண்மையில் கூடுவது எவ்வளவு? அதை அளந்துகொண்டே இருக்கிறார்கள். ஹவாய் தீவில் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 1958-ல் சார்லஸ் கீலிங் ஆரம்பித்தபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு கரியமில வாயு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது, நீராவி இயந்திரக் காலத்துக்கு முன்னால் 280. இப்போது வருஷாவருஷம் ஏறுவதை டன்னில் சொன்னால் சுமார் 2,000 கோடி. அதுதான் கையிருப்பு ஏற்றம். ‘நாம போட்டது நாலாயிரம், ஏறுனது ரெண்டாயிரம். மிச்சம் எங்க சித்தப்பா?’

அவர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். ‘யாரோ எடுத்திருக்கணும்.’ யார்? கடலும் காடும்தான். அவை கோடி கோடியாகப் போடலாம், ஆனால் போட்டதைவிடக் கூடுதலாக எடுத்துவிடுகின்றன. மொத்தக் கணக்கில் இயற்கை பணம் எடுக்கிற வாடிக்கையாளர், போடுகிறவர் அல்ல. அப்படியிருந்தும் கையிருப்பு ஏறுகிறது என்றால் போடுகிறவர் ஒருவர்தான் மிச்சம். ‘நோட்டு டேலி ஆகுது’ என்றார். அதற்கு மேல் ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கேஷியர் வாயிலிருந்து அது சின்ன விஷயமில்லை.

கணக்கு பிடிக்காதவர்களுக்குக் கைரேகை. கார்பனில் 12, 13, 14 என்று எடை வேறுபட்ட வகைகள் உண்டு, காற்றில் இருக்கும் கார்பனை எடைபோட்டுப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். செடிகள் கனமான கார்பன் 13-ஐவிட லேசான 12-ஐ விரும்பிச் சாப்பிடும். காற்றில் 13-ன் விகிதம் குறைந்துகொண்டே வருகிறது, ஆக புதிதாக வருவது செடிகொடியிலிருந்து வந்த கார்பன். கார்பன் 14 என்று இன்னொன்று, கதிரியக்கமுள்ளது, 5,730 வருஷத்தில் பாதியாகிவிடும், கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் அது சுத்தமாக இருக்காது. அணுகுண்டுச் சோதனைகள் அந்த அளவைக் கலைப்பதற்கு முன்பே, 1950-களில், ஹான்ஸ் சூஸ் என்பவர் மரங்களில் கார்பன் 14 நீர்த்துப் போயிருப்பதைக் கண்டுபிடித்தார். செடியிலிருந்து வந்தது, ஆனால் மிக மிகப் பழைய செடி. அது வேறென்ன? நிலக்கரியும் பெட்ரோலும்தான். கூடவே காற்றில் ஆக்சிஜன் மெல்லக் குறைகிறது, ஏதோ எரிகிறது என்று அர்த்தம் (பயப்படாதீர்கள், மூச்சு முட்டுகிற அளவில் இல்லை). அதை அளந்து காட்டியவர் கீலிங்கின் மகன் ரால்ஃப். அப்பனும் மகனும் இதே வேலையாக இருந்திருக்கிறார்கள்.

அந்த வாயுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது என்பதும் நேற்றுக் கட்டிய கதையில்லை. 1856-ல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாயில் கரியமில வாயுவை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்திருக்கிறார், 1859-ல் ஜான் டிண்டால் அது வெப்பக் கதிரை விழுங்குவதை ஆய்வுக்கூடத்தில் அளந்தார், 1896-ல் ஸ்வீடன்காரர் அரீனியஸ் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டுவிட்டார். அப்போது எந்தக் கட்சிக்கும் இதில் வேலையில்லை.

சில்லறை வாதங்களுக்குச் சில்லறையாகவே பதில் போதும். சூரியன்தான் காரணம் என்றால்: 1978-லிருந்து செயற்கைக்கோளில் அளக்கிறார்கள், சூரியனின் வீச்சு இந்தக் காலத்தில் கூடவில்லை. இன்னொன்று, சூரியன் காரணமென்றால் காற்று மண்டலம் முழுக்கச் சூடாக வேண்டும், ஆனால் கீழடுக்கு சூடாகி மேலடுக்கு குளிர்ந்துகொண்டிருக்கிறது. போர்வைக்குள் சூடு, போர்வைக்கு வெளியே குளிர். 1967-லேயே மனாபே, வெதரால்ட் என்ற இரண்டு காலநிலை விஞ்ஞானிகள் கணக்குப் போட்டு இப்படித்தான் ஆகும் என்று சொன்னார்கள். எனக்கு இதைவிடப் பிடித்த சாட்சி கிடையாது. எரிமலை என்றால்: மொத்த எரிமலைகளும் சேர்ந்து நாம் விடுவதில் ஒரு சதவீதம் கூட வராது, 1991-ல் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது பூமி ஓரிரு வருஷம் குளிரத்தான் செய்தது. ‘காத்துல அது வெறும் 0.04 சதவீதம், அது என்ன பண்ணும்?’ என்றால்: ரத்தத்தில் 0.03 சதவீதம் சாராயம் இருந்தால் போலீஸ் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், போய்க் கேளுங்கள். ‘சிமெண்டுக் கட்டடம்தான் சூடு’ என்றால், ஊருக்கு அது உண்மை, ஆனால் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேருவது கடலில், கடலில் யார் வீடு கட்டினார்கள்? இதே சந்தேகத்தோடு கிளம்பிய பெர்க்லி பௌதிகப் பேராசிரியர் ரிச்சர்ட் முல்லர், வெப்பநிலைப் பதிவுகளைத் தானே அடியிலிருந்து திரும்பக் கணக்கிட்டார், அவர் குழுவுக்கு வந்த பணத்தில் எண்ணெய்த் தொழிலில் இருக்கும் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளைப் பணமும் இருந்தது, கடைசியில் 2012-ல் என் சந்தேகம் தீர்ந்தது, காரணம் மனிதன்தான் என்று எழுதிவிட்டார்.

‘தாது வருஷப் பஞ்சம் வரலையா? அப்ப ஏது கார்?’ என்பதற்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்லுங்கள், ஏனென்றால் கேட்பவர் தன் கொள்ளுத்தாத்தா கதையைக் கேட்கிறார். 1876-லிருந்து 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் பலமான எல் நினோவுக்கு (பசிபிக் கடல் அவ்வப்போது சூடாகி மழையைக் கலைப்பது) பங்குண்டு, அது இயற்கைதான், அத்தனை பேர் செத்ததற்கு தானியத்தைக் கப்பலில் ஏற்றிய ஆட்சிக்கும் பங்குண்டு. இயற்கையால் நடந்ததை நடக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. வைக்கோல் போர் இடி விழுந்தும் எரியும், பீடித் துண்டாலும் எரியும். போன தடவை இடி விழுந்தது என்பதால் இந்தத் தடவை பீடி குடித்தவனை விட்டுவிட முடியுமா? வேகத்தையும் சொல்லுங்கள்: கடைசிப் பனியுகத்திலிருந்து வெளியே வரும்போது பூமி சுமார் 5 டிகிரி ஏற ஏறக்குறைய பத்தாயிரம் வருஷம் பிடித்தது. நாம் ஒன்றரை நூற்றாண்டில் ஒரு டிகிரியைத் தாண்டிவிட்டோம்.

அவர் விஞ்ஞானிகள் பக்கத்து ஊழல்களை எடுப்பார். எடுக்கட்டும், ஓடாதீர்கள். 2007-ல் ஐ.நா. காலநிலைக் குழுவின் அறிக்கையில் இமயமலைப் பனிப்பாறைகள் 2035-க்குள் போய்விடக்கூடும் என்று ஒரு வரி இருந்தது, அபத்தம், 2010 ஜனவரியில் தவறென்று ஒத்துக்கொண்டார்கள். 2009 நவம்பரில் இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்தில் மின்னஞ்சல்கள் திருடி வெளியிடப்பட்டன, ‘சரிவை மறைப்பது’ என்று அதில் ஒரு சொல் இருந்தது. அது வெப்பநிலைச் சரிவு இல்லை, பழைய காலத்து வெப்பநிலையை ஊகிக்க உதவும் மரவளையங்களில் சில, 1960-க்குப் பிறகு வெப்பமானி காட்டியதோடு ஒத்துப்போகாத சங்கதி. பல விசாரணைகள் நடந்தன, யாரும் மோசடி என்று சொல்லவில்லை, ஆனால் தரவைப் பகிர்வதில் இன்னும் வெளிப்படையாக இருந்திருக்கலாம் என்று குட்டு விழுந்தது. அந்தக் குட்டையும் சேர்த்தே சொல்லுங்கள். பதிலுக்கு ஒரே ஒரு தடவை நீங்களும் ஒன்று கேட்கலாம்: எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1977-லேயே தன் மேலதிகாரிகளிடம் இதைச் சொல்லிவிட்டாரே, கட்டுக்கதை என்றால் எண்ணெய் விற்கிறவன் ஏன் அதைத் தன் ஆபீசுக்குள்ளேயே கட்டிக்கொண்டான்?

பேச்சு நீண்டுகொண்டே போனால் ஒரு கேள்வி வையுங்கள்: ‘என்ன காட்டினா நீங்க ஒத்துக்குவீங்க?’ உங்களுடையதையும் முதலில் சொல்லிவிடுங்கள், மேலடுக்குக் காற்றும் சேர்ந்து சூடாகிறது என்று யாராவது அளந்து காட்டினால் நான் யோசிப்பேன், இது என் பதில். அவரிடம் ஒரு பதில் இருந்தால் பேச்சு தொடரும். ‘எது காட்டினாலும் நம்ப மாட்டேன்’ என்றால், நல்லது, பாயசம் எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். ஒரு பதிலுக்கு நான்கு புதுக் கேள்வி வந்தாலும் அதேதான். நாலு பேர் முன்னால் பெரியவர்களை ‘தப்பு’ என்று சொல்ல வைக்கப் பார்க்காதீர்கள், நடக்காது, உங்களுக்கே நடக்காது.

கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்து சித்தப்பா போன் செய்தார். நலம் விசாரிப்பு கிடையாது.

‘அந்தக் கார்பன் பதினாலு, எத்தனை வருஷத்துல பாதியாகும்னு சொன்ன?’

‘5,730, சித்தப்பா.’

‘ம்’ என்று வைத்துவிட்டார்.